வடக்கே போனவர்கள்

2025 ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் லண்டன் பக்கிங்ஹாம் அரண்மனையில் 90 வயது முதியவர் ஒருவருக்கு மன்னர் மூன்றாம் சார்ள்ஸ் 'சேர்' பட்டம் அளித்தார். பில்லி பொஸ்டன் என்பது அவர் பெயர். வேல்ஸ் நாட்டுத் தலைநகரான கார்டிவ்வின் துறைமுகச் சேரியில் பிறந்து, வட இங்கிலாந்தின் விகன் நகரில் புகழ் பெற்ற றக்பி லீக் வீரர். அந்த விளையாட்டு தோன்றி 130 ஆண்டுகளில் அதன் வீரர் ஒருவருக்கு 'சேர்' பட்டம் கிடைத்தது அதுவே முதல் தடவை.

சேர் பட்டத்தைப் பிரிட்டிஷார் எவ்வளவு தாராளமாக வழங்கக்கூடியவர்கள் என்பதை ஈழத்தவராகிய நாம் பொன்னம்பலம் இராமநாதன், அருணாசலம் காலத்திலிருந்தே அறிவோம். றக்பி யூனியன் என்ற மற்றைய றக்பியைச் சேர்ந்த கிளைவ் வூட்வேர்ட், இயன் மக்கீச்சன், கரெத் எட்வேர்ட்ஸ், பில் போமண்ட் எனப் பலர் 2004 இற்குப் பின்னர் அடுத்தடுத்து அந்தப் பட்டத்தைப் பெற்றுவிட்டனர். அப்படியிருக்க, லீக் வீரர் ஒருவரின் முறை வருவதற்கு ஏன் 130 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது? இந்தக் கேள்வியைத் தொடர்ந்து சென்றால் விளையாட்டுச் சரித்திரத்தின் மிக நீண்ட, மிக விசித்திரமான ஒரு சாதி விலக்கத்தை நாம் சந்திக்க நேரிடும். சாதி விலக்கம் என்ற சொல்லை நான் யோசித்துத்தான் பயன்படுத்துகிறேன்.

இரண்டு றக்பிகள் உண்டு என்பதே நம்மவர்களில் பலருக்குத் தெரியாது. இலங்கையில் தோட்டத்துரைமாரும் கொழும்பு, கண்டிக் கல்லூரிகளும் வளர்த்தெடுத்த றக்பி, 1945 முதல் றோயல் கல்லூரியும் திரித்துவக் கல்லூரியும் பிராட்பி கேடயத்துக்காக ஆடிவரும் றக்பி, யூனியன் ஆகும். அதில் பக்கத்துக்கு 15 பேர். லீக்கில் 13 பேர். சிட்னியின் மேற்குப் புறநகர்களில் குடியேறிய நம்மவர் வீடுகளில் பிள்ளைகள் பரமட்டா அணிக்காகத் தொண்டை கிழியக் கத்துகிறார்களே, அது லீக். தொலைக்காட்சியில் தற்செயலாகப் பார்க்கும் ஒருவருக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். முட்டை வடிவப் பந்து, மோதல், சேறு. ஆனால் ஒரு நூற்றாண்டு காலம் இவை இரண்டுக்கும் இடையில் இருந்த வேலியைத் தாண்டியவன் திரும்பி வர முடியாது.

வேலி எழுந்த கதை சம்பளக் கதைதான். இங்கிலாந்தின் றக்பியை 1871 இல் ஓர் அமைப்பாக்கியவர்கள் பெரிய தனியார் பாடசாலைகளில் படித்த கனவான்கள். ஆனால் அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் அந்த விளையாட்டு யோர்க்ஷயர், லங்காஷயர் மாநிலங்களின் ஆலைத் தொழிலாளர்கள், சுரங்கத் தொழிலாளர்கள் கைக்குப் போய்விட்டது. பார்வையாளர்கள் ஆயிரக்கணக்கில் திரண்டார்கள், கழகங்களுக்கு நுழைவுக் கட்டணம் குவிந்தது. ஆடுகிறவனுக்கோ சனிக்கிழமை அரைநாள் வேலையை விட்டுவிட்டு வந்தால் அந்த நாட்கூலி போய்விடும். நம் மலையகத் தோட்டங்களில் 'அரைப்பேர்' விழுவது என்றால் என்னவென்று அறிந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. அடிபட்டுக் கை முறிந்தால் நிலைமை இன்னும் மோசம், வாரக்கணக்கில் வீட்டில் அடுப்பு எரியாது.

இழந்த கூலியை மட்டுமாவது ஈடு செய்ய அனுமதியுங்கள் என்று வடக்கத்தியக் கழகங்கள் கேட்டன. அவர்கள் கேட்ட தொகை நாளொன்றுக்கு ஆறு ஷில்லிங். 1893 செப்டெம்பரில் லண்டனில் கூடிய பொதுக்கூட்டத்தில் யோர்க்ஷயர் பிரதிநிதிகள் இதனைப் பிரேரணையாகவே கொண்டுவந்தனர். ரயில் பிடித்து வடக்கிலிருந்து கூட்டமாக வந்திருந்தார்கள். தெற்கத்தியர்களோ நேரில் வராதவர்களின் பதிலாள் வாக்குகளையும் சட்டைப்பையில் வைத்திருந்தார்கள். பிரேரணை 136 க்கு எதிராக 282 வாக்குகளால் தோற்கடிக்கப்பட்டது.

கனவான்களின் அச்சத்துக்கு ஒரு காரணம் இருந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். உதைபந்தாட்டத்தில் 1885 இல் சம்பளம் சட்டபூர்வமானது. சில ஆண்டுகளுக்குள் பழைய கல்லூரி அணிகள் மூலைக்குத் தள்ளப்பட்டுத் தொழிலாளர் நகரங்களின் அணிகள் கிண்ணங்களை அள்ளிக்கொண்டு போயின. அதே கதி தமக்கும் வரும் என்று றக்பிக்காரர் கண்டுகொண்டனர். தூய்மை, பண்பு என்றெல்லாம் அவர்கள் பேசியதற்குப் பின்னால் இருந்தது தோல்வி பயம் என்பதே என் கணிப்பு.

1895 ஓகஸ்ட் 29 ஆம் திகதி ஹடர்ஸ்ஃபீல்ட் நகரின் ஜோர்ஜ் ஹோட்டலில் வடக்கத்தியக் கழகங்களின் பிரதிநிதிகள் கூடித் தனிக்கட்சி அமைத்தனர். 22 கழகங்களுடன் புதிய அமைப்பு உருவாயிற்று. முதலில் அதன் பெயர் வடக்கு யூனியன். றக்பி லீக் என்ற பெயர் 1922 இல்தான் வந்தது. பார்வையாளர்களுக்கு விறுவிறுப்புக் கூட்டுவதற்காக விதிகளையும் அவர்கள் மாற்றிக்கொண்டே போனார்கள். 1906 இல் ஆட்கள் 13 ஆகக் குறைக்கப்பட்டபோது அது உண்மையிலேயே வேறொரு விளையாட்டாகிவிட்டது.

வடக்கத்தியர்களும் உடனே முழுச் சம்பளத்துக்குப் போய்விடவில்லை. 1898 இல் ஊதியத்தை அனுமதித்தபோது, ஆடுகிறவன் வேறொரு கண்ணியமான தொழிலும் செய்ய வேண்டும் என்று விதித்தார்கள். மதுக்கடைப் பரிசாரகனும் பில்லியர்ட்ஸ் மேசையில் புள்ளி எழுதுபவனும் தொழிலாளிகளாகக் கணிக்கப்பட மாட்டார்கள்! சுரங்கத்தில் இறங்குபவனே ஆடத் தகுதியானவன். தம்மைக் கேவலமாகப் பேசிய கனவான்களுக்கு முன் தாமும் கௌரவமானவர்களே என்று காட்டிக்கொள்ளும் தவிப்பு இந்த விதியில் தெரிகிறது.

யூனியன் தரப்போ கதவை அடைத்துப் பூட்டியது. லீக்கில் ஆடியவன் மட்டுமல்ல, அங்கே பரீட்சார்த்தமாக ஓர் ஆட்டம் ஆடிப் பார்த்தவனும், ஒப்பந்தம் பற்றிப் பேசியவனும் ஆயுட்காலத் தடைக்கு உரியவனானான். அவன் பின்னர் யூனியனில் விளையாட முடியாது, பயிற்றுவிக்க முடியாது, கழகப் பொறுப்பில் இருக்க முடியாது. தான் வளர்ந்த கழகத்தின் மண்டபத்தில் நண்பர்களோடு அமர்ந்து ஒரு கிளாஸ் பியர் குடிக்கக்கூட அனுமதிக்கப்படாத கதைகளைப் பழைய வீரர்கள் பலர் சொல்லியிருக்கிறார்கள்.

ஆனால் சட்டம் எல்லோருக்கும் ஒன்றாக இருந்ததா? அதே காலத்து வேல்ஸில் நடந்த இரண்டு சம்பவங்களை அருகருகே வைத்துப் பார்த்தால் போதும். சுவான்சீ நகரின் செம்பு உருக்காலைத் தொழிலாளர்களான டேவிட் ஜேம்ஸ், இவான் ஜேம்ஸ் என்ற சகோதரர்கள் 1892 இல் மன்செஸ்டர் பக்கத்துக் கழகமொன்றுக்குப் போய்ப் பணம் பெற்றார்கள் என்று தடைசெய்யப்பட்டனர். பிறகு மன்னிக்கப்பட்டு, 1899 இல் இங்கிலாந்துக்கு எதிராக வேல்ஸுக்கு ஆடி வெற்றி தேடித் தந்த கையோடு மறுபடியும் வடக்கே போய்விட்டார்கள். அவர்களின் பெயர் துரோகிகள் பட்டியலில் ஏறியது. வேல்ஸ் அணித் தலைவர் ஆர்தர் கூல்டுக்கு 1897 இல் ரசிகர்கள் பொதுமக்களிடம் நிதி திரட்டி ஒரு வீட்டையே பரிசாகக் கொடுத்தார்கள். சர்வதேசச் சபை முகம் சுளித்தது, வேல்ஸ் கோபித்துக்கொண்டு சபையை விட்டு வெளியேறியது, கடைசியில் அது விசேட விடயம் என்று விட்டுக்கொடுக்கப்பட்டது. ஆறு ஷில்லிங் வாங்கினால் கூலிக்காரன், வீடு வாங்கினால் கனவான். டபிள்யூ. ஜி. கிரேஸ் என்ற கிரிக்கெட் மேதை 'ஊதியம் பெறாத' ஆட்டக்காரர் என்ற பெயரோடு ஊதியம் பெற்றவர்களை விட அதிகம் சம்பாதித்த நாடு அல்லவா அது!

இந்தப் பிளவு கடல் கடந்தும் போயிற்று. சிட்னியில் அலெக்ஸ் பேர்டன் என்ற வீரர் காயமுற்றபோது அவருக்கு ஒரு சதமும் நட்டஈடு கிடைக்கவில்லை என்ற மனக்குறை பரவியது. அதைப் பேசியவர்கள் கூடிய இடங்களில் ஒன்று விக்டர் ட்ரம்பரின் விளையாட்டுப் பொருள் கடை. ஆம், கிரிக்கெட் ரசிகர்கள் இன்றும் பயபக்தியோடு உச்சரிக்கும் அதே ட்ரம்பர்தான். 1907 ஓகஸ்டில் நியூ சவுத் வேல்ஸ் றக்பி லீக் உருவானபோது அதன் முன்னோடிகளில் அவரும் ஒருவர். அக்காலத்தின் மிகப் பெரிய நட்சத்திரமான டலி மெசெஞ்சர் யூனியனை விட்டு வந்ததும் அங்கே தராசு சாய்ந்துவிட்டது. நியூசிலாந்தில் அல்பேர்ட் பாஸ்கர்வில் என்ற தபாற்கந்தோர் எழுதுவினைஞர் ஓர் அணியைத் திரட்டி இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். 'ஓல் பிளக்ஸ்' என்ற பெயரைத் திரித்து 'ஓல் கோல்ட்ஸ்' என்று சிட்னிப் பத்திரிகைகள் அந்த அணியைக் கிண்டல் செய்தன. (பட்டப் பெயர் வைப்பதில் எங்கள் தொழிலுக்கு எக்காலத்திலும் குறைச்சல் இல்லை.) அந்தப் பயணத்தின் முடிவில், 1908 மே மாதம், பிரிஸ்பேனில் நிமோனியா கண்டு பாஸ்கர்வில் இறந்தபோது அவருக்கு 25 வயது. அதே ஆண்டில் லண்டன் ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற அவுஸ்திரேலிய யூனியன் அணியிலிருந்து 14 பேர் 1909 இல் லீக் பக்கம் தாவினார்கள். சிட்னியில் அன்று தோற்ற இடத்தை யூனியன் அதன் பிறகு மீளப் பெறவே இல்லை.

வேல்ஸில் நிலைமை வேறு. அங்கே யூனியன்தான் தேசிய விளையாட்டு. சுரங்கத் தொழிலாளியும் வைத்தியரும் ஒரே அணியில் ஆடிய நாடு அது. எனவே லீக் அங்கே வேர்விடவில்லை, ஆட்களைக் கொத்திக்கொண்டு போவதோடு நின்றுவிட்டது. 'வடக்கே போய்விட்டான்' என்பது வேல்ஸ் மக்களிடையே ஒரு மரபுத்தொடராகவே ஆயிற்று. நமக்கு வடக்கு என்றால் வேறு நினைவுகள் வரும். அவர்களுக்கு அது விகன், சென் ஹெலன்ஸ், லீட்ஸ், சல்ஃபோர்ட். 1920 களில் நிலக்கரித் தொழில் விழுந்து, 1926 பொது வேலைநிறுத்தமும் தோற்றபின், வடக்கே போனவர்களின் வரிசை நீண்டது. ஜிம் சலிவன் 1921 இல் கார்டிவ்விலிருந்து விகனுக்குப் போனபோது வயது 17. வேல்ஸ் யூனியன் அணிக்கு ஒரு தடவையேனும் ஆடாமலே போனவர், லீக்கில் 2,800 க்கும் அதிகமான கோல்களை உதைத்தார்.

கழகங்களின் ஆள்பிடி முகவர்கள் இரவில் வந்து போனார்கள். பரீட்சார்த்த ஆட்டத்துக்குப் போகும் இளைஞனின் பெயர் பத்திரிகையில் வராது, 'இன்னொருவர்' என்று மட்டும் அச்சாகும். சந்தேகம் ஒன்றே போதுமானதாக இருந்தது. 1947 இல் பிரான்சுக்குப் புறப்பட்ட வேல்ஸ் அணியோடு ரயிலில் இருந்த நியூபோர்ட் வீரர் ஜோர்ஜ் பார்சன்ஸ், லீக் கழகத்தோடு பேசியிருக்கிறார் என்ற வதந்தியின் பேரில் ரயிலிலிருந்து இறக்கிவிடப்பட்டார். அவர் அதை மறுத்தார். யாரும் கேட்கவில்லை. அடுத்த ஆண்டு அவர் உண்மையாகவே சென் ஹெலன்ஸுக்குப் போனார். வேறு எங்கே போவார்?

இதைவிடக் கொடுமையான ஒன்று பிரான்சில் நடந்தது. களவாகச் சம்பளம் கொடுப்பதாகக் குற்றஞ்சாட்டிப் பிரிட்டிஷ் நாடுகள் 1931 இல் பிரான்சை விலக்கி வைத்தன. ஜோன் கலியா என்ற வீரரின் தலைமையில் 1934 இல் பிரான்சில் லீக் தொடங்கி, சில ஆண்டுகளில் தென்பகுதியெங்கும் பரவியது. ஜேர்மனியரிடம் பிரான்ஸ் வீழ்ந்தபின் அமைந்த விஷி அரசு, 1941 டிசம்பரில் மார்ஷல் பெத்தானின் ஆணையினால் லீக்கை அடியோடு தடைசெய்து அதன் சொத்துக்களைப் பறிமுதல் செய்தது. ஒரு விளையாட்டின் விதிகளுக்கு எதிராக அரசாங்கம் ஆணை பிறப்பித்த விந்தை அது. போருக்குப் பின் மீண்டெழுந்த பிரெஞ்சு அணி 1951 இல் அவுஸ்திரேலியா சென்று தொடரை வென்றது. ஆயினும் 'றக்பி' என்ற சொல்லை உத்தியோகபூர்வமாகப் பயன்படுத்த 1990 களின் தொடக்கம் வரை அந்த விளையாட்டுக்கு அனுமதி இருக்கவில்லை. 'பதின்மூவர் ஆட்டம்' என்றே அது அழைக்கப்பட வேண்டியிருந்தது.

அதே யுத்த காலத்தில் இங்கிலாந்தில் நடந்தது நகைப்புக்குரியது. படையினர் எல்லோரும் தேவைப்பட்ட நேரத்தில் யார் லீக், யார் யூனியன் என்று பார்ப்பது இயலாத காரியம் என்பதால், படைச் சேவையில் இருப்பவர்களுக்குத் தடை தற்காலிகமாக நீக்கப்பட்டது. 1943 இல் லீட்ஸிலும் 1944 இல் பிராட்ஃபோர்டிலும் இரு தரப்பினரும் மோதினார்கள். யூனியன் விதிகளின்படியே ஆட்டம். இரண்டிலும் லீக் வீரர்களே வென்றார்கள், 18-11, 15-10 என்று. போர் முடிந்ததும் தடை மறுபடியும் அமுலுக்கு வந்தது. ஒன்றாகக் குண்டுகளுக்கு முன் நிற்கலாம், ஒன்றாக ஆடக் கூடாது.

இனி பில்லி பொஸ்டனிடம் வருவோம்.

கார்டிவ் துறைமுகத்தை ஒட்டிய பியூட்டவுன் பகுதிக்கு 'டைகர் பே' என்று பெயர். சோமாலியர், யேமனியர், மேற்கிந்தியர், மேற்காபிரிக்கர் எனப் பல நாட்டுக் கப்பல் தொழிலாளர்கள் தங்கிக் குடும்பமான இடம். பொஸ்டனின் தந்தை சியரா லியோனைச் சேர்ந்த மாலுமி. தாய் ஐரிஷ் வம்சாவளியினர். 11 பிள்ளைகளில் ஒருவராக 1934 இல் பிறந்த பில்லிக்கு ஒரே ஒரு கனவுதான். கார்டிவ் கழகத்துக்கு ஆட வேண்டும், பிறகு வேல்ஸுக்கு ஆட வேண்டும். பாடசாலை மட்டத்திலும் இளைஞர் மட்டத்திலும் பெயர் எடுத்தாயிற்று. மைதானம் வீட்டிலிருந்து நடை தூரம். ஆனால் கார்டிவ் கழகத்திலிருந்து யாரும் வந்து அவரைக் கூப்பிடவில்லை.

வடக்கத்தியர் வந்தார்கள். கட்டாய இராணுவ சேவையில் இருந்தபோது அவர் ஆடிய ஆட்டத்தைக் கண்டு மயங்கிப்போன விகன் கழகத்தார் 1953 இல் பொஸ்டன் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். 1,000 பவுணை ஐந்து பவுண் தாள்களாக மேசையில் பரப்பினார்களாம். மகன் வேல்ஸுக்கு ஆட ஆசைப்படுவதை அறிந்த தாய், வந்தவர்களைத் துரத்துவதற்கு இதுவே வழி என்று நினைத்து, 3,000 பவுண் என்றால் கையெழுத்துப் போடுவான் என்று சொல்லிவிட்டார். ஒரு சாதாரண வீட்டை வாங்கி மிச்சமும் வைக்கக்கூடிய தொகை அது. எழுந்து போய்விடுவார்கள் என்றுதான் நினைத்தார். அவர்கள் சம்மதித்துவிட்டார்கள். சொன்ன சொல்லிலிருந்து அந்தத் தாய் பின்வாங்கவில்லை. பொஸ்டன் தம் வாழ்நாளில் பல தடவை சொன்ன கதை இது, சொல்லும்போதெல்லாம் அந்த இழப்பும் அவர் குரலில் இருந்தது.

விகனுக்காக 488 ஆட்டங்களில் 478 ட்ரைகள். (ட்ரை என்பது எதிரணியின் கோட்டைக் கடந்து பந்தை நிலத்தில் அழுத்திப் புள்ளி எடுப்பது.) மொத்தமாக 571. முதல் அணியில் விரல் விட்டு எண்ணக்கூடிய ஆட்டங்களே ஆடியிருந்த 19 வயது இளைஞனை 1954 இல் பிரிட்டன் அவுஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் அழைத்துச் சென்றது. அங்கே அவர் 36 ட்ரைகள் எடுத்தார். பிரிட்டிஷ் லீக் அணியோடு அவ்வாறு சென்ற முதல் கறுப்பின வீரர் அவரே.

வேல்ஸின் யூனியன் அணியிலோ 1980 கள் வரை ஒரு கறுப்பின வீரர்கூட இல்லை. கொலின் டிக்சன், ஜோனி ஃப்ரீமன், கிளைவ் சலிவன் எல்லோரும் கார்டிவ் பையன்கள்தான், எல்லோரும் வடக்கே போனவர்கள்தான். பணத்துக்காகப் போனார்கள் என்று யூனியன்காரர் சொல்வதுண்டு. கூப்பிடாத வீட்டில் எத்தனை நாள் வாசலில் நிற்பது என்று அவர்கள் கேட்டிருக்கலாம்.

ஆயினும் லீக்கைச் சொர்க்கமாகச் சித்திரிப்பது சரித்திரத்துக்குச் செய்யும் அநியாயம். 1946 இல் அவுஸ்திரேலியா சென்ற அணியில் வேல்ஸைச் சேர்ந்த கறுப்பின வீரர் ரோய் பிரான்சிஸ் சேர்க்கப்படாமைக்கு, அந்நாட்டின் நிற பேதக் கொள்கையே காரணமாக இருந்தது. 1957 உலகக் கிண்ணம் முடிந்து திரும்பும் வழியில் தென்னாபிரிக்காவில் காட்சி ஆட்டங்கள் ஏற்பாடாகின, பொஸ்டன் அங்கே அழைத்துச் செல்லப்படவில்லை. வெள்ளையருக்காகத் தன் வீரனை விட்டுச் செல்ல லீக்கும் தயங்கவில்லை. எனினும் அதே பிரான்சிஸ் பின்னர் ஹல் கழகத்தின் பயிற்றுநரானார். கிளைவ் சலிவன் 1972 இல் பிரிட்டிஷ் அணிக்கே தலைவரானார்.

சலிவனின் கதைக்குத் தனிக் கட்டுரையே எழுதலாம். சிறுவயதில் கால்களில் பல சத்திரசிகிச்சைகள் நடந்து, ஒழுங்காக நடப்பானா என்று வைத்தியர்கள் சந்தேகப்பட்ட பிள்ளை. 1961 இல் ஹல் நகரில் பொய்ப்பெயரில் பரீட்சார்த்த ஆட்டம் ஆடித் தெரிவானவர். 1972 இல் லியோன் நகரில் நடந்த உலகக் கிண்ண இறுதியாட்டத்தில், மைதானத்தின் நீளம் முழுக்க ஓடி அவர் எடுத்த ட்ரை மறக்க முடியாதது. அவுஸ்திரேலியாவுடன் 10-10 என்று சமநிலை, முந்தைய ஆட்டங்களின் அடிப்படையில் கிண்ணம் பிரிட்டனுக்கு. 1985 இல், 42 வயதில், புற்றுநோயால் இறந்தார். ஹல் நகருக்குள் நுழையும் பெருந்தெருவுக்கு அவருடைய பெயர்.

இங்கே ஓர் ஒப்பீட்டைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. 1982 இல் நிறவெறித் தென்னாபிரிக்காவுக்குச் சென்று விளையாடிய இலங்கைக் கிரிக்கெட் வீரர்களுக்கு நமது சபை 25 ஆண்டுத் தடை விதித்தது. ஆனால் பிரிட்டிஷ் யூனியன் அணி 1980 இலும் இங்கிலாந்து அணி 1984 இலும் உத்தியோகபூர்வமாகவே அந்நாட்டுக்குச் சென்று வந்தன. 1986 இல் அனுமதியின்றிச் சென்ற நியூசிலாந்து வீரர்களுக்குப் பணம் கிடைத்தது என்று ஊரே பேசியது, அவர்களுக்குக் கிடைத்த தண்டனை இரண்டு டெஸ்ட் ஆட்டத் தடை. சுரங்கத் தொழிலாளியின் மகன் விகனில் ஓர் ஆட்டம் ஆடிப் பார்த்தால் ஆயுள் தண்டனை. எது பாவம் என்பதில் அந்தச் சபைகளுக்கு ஒரு தனிக் கணக்கு இருந்தது.

1980 களில் யூனியனிலும் சப்பாத்துக்குள் வைத்துக் கொடுக்கப்படும் காசு பற்றி எல்லோருக்கும் தெரியும். எனவே போனவர்கள் இம்முறை நட்சத்திரங்கள். ஜொனதன் டேவிஸ் வேல்ஸ் அணியின் தலைவராக இருந்தவர். 1988 இல் நியூசிலாந்தில் வேல்ஸ் அணி படுதோல்வி கண்டு திரும்பியபோது, என்ன பிழை நடந்தது என்று வேல்ஸ் யூனியன் பொதுக்கூட்டத்தில் பேசச் சந்தர்ப்பம் கேட்டார். கொடுக்கப்படவில்லை. 1989 ஜனவரியில் விட்னஸ் கழகத்துக்குப் போய்விட்டார். அவருக்கு முன்னும் பின்னுமாக வேல்ஸ் அணியில் பாதி வடக்கே போயிற்று. 1990 இல் ஐந்து நாடுகள் போட்டியில் நான்கு ஆட்டங்களிலும் வேல்ஸ் தோற்றது, 1991 உலகக் கிண்ணத்தில் கார்டிவ் மண்ணிலேயே மேற்கு சமோவாவிடம் விழுந்தது. லண்டனின் யூனியன் கழகமொன்றில் யாரும் பெரிதாகக் கவனிக்காத நைஜீரிய வம்சாவளி இளைஞர் மார்ட்டின் ஒஃபையா 1987 இல் லீக்குக்கு வந்து, 1992 இல் 440,000 பவுணுக்கு விகனுக்கு மாற்றப்பட்டார். லீக் வரலாற்றில் அது சாதனைத் தொகை.

வேலி விழுந்ததும் ஒழுக்கம் பற்றிய மனமாற்றத்தினால் அல்ல. 1995 ஏப்ரலில் ரூபர்ட் மேர்டொக்கின் தொலைக்காட்சி பிரிட்டிஷ் லீக்குக்கு 87 மில்லியன் பவுண் கொடுக்க முன்வந்தது. அந்தப் பணத்தோடு வந்தால் யூனியனில் யார் மிஞ்சுவார்கள்? தெற்கின் மூன்று பெரிய யூனியன்களும் ஜூன் மாதமே அதே மேர்டொக்கிடம் 550 மில்லியன் டொலருக்கு ஒப்பந்தம் செய்துகொண்டன. ஓகஸ்ட் கடைசி வார இறுதியில் பாரிஸில் கூடிய சர்வதேசச் சபை, றக்பி யூனியன் இனித் திறந்த விளையாட்டு என்று அறிவித்தது. ஹடர்ஸ்ஃபீல்ட் கூட்டத்தின் நூற்றாண்டு நிறைவுக்கு அப்போது ஓரிரு நாட்களே இருந்தன.

அந்தச் செய்தி கொழும்பில் நான் வேலை செய்த பத்திரிகைக் கந்தோரின் இயந்திரத்தில் வந்து விழுந்தது எனக்கு நினைவிருக்கிறது. யுத்தச் செய்திகளால் பக்கங்கள் நிரம்பி வழிந்த காலம். தொழிலுக்குப் புதியவனான நான் அதை நான்கு வரிகளாக மொழிபெயர்த்தேன், 'றக்பி வீரர்களுக்கு இனிச் சம்பளம்' என்று ஒரு தலைப்பு. லீக் வீரர்கள் நூறு ஆண்டுகளாகச் சம்பளம் வாங்கி வந்தவர்கள் என்பது எனக்குத் தெரியாது, பிழை திருத்தியவருக்கும் தெரியாது. வாசகர் யாரும் கடிதம் எழுதவில்லை. இந்தக் கட்டுரையை ஒரு பிந்திய திருத்தமாகவும் கொள்ளலாம்.

அதன் பின் நடந்தவை வேகமாக நடந்தன. 1996 மே மாதத்தில் விகனும் யூனியன் சம்பியனான பாத் கழகமும் இரு விதிகளிலும் மோதின. லீக் விதியில் 82-6 என்று விகன், யூனியன் விதியில் 44-19 என்று பாத். தென்னாபிரிக்காவில் தொடரை வென்ற 1997 இன் பிரிட்டிஷ் யூனியன் அணியில் லீக்கிலிருந்து திரும்பியவர்கள் ஆறு பேர். ஜொனதன் டேவிஸும் திரும்பி வந்து வேல்ஸ் சட்டையை மறுபடி அணிந்தார். பின்னர் ஆறு எதிர்த்திசையில் பாயத் தொடங்கிற்று. விகனின் ஜேசன் ரொபின்சன் 2003 உலகக் கிண்ண இறுதியாட்டத்தில் இங்கிலாந்து யூனியன் அணியின் ஒரே ட்ரையை எடுத்தார். விகனில் 16 வயதிலேயே ஆட ஆரம்பித்த அண்டி ஃபரல், 2025 இல் அவுஸ்திரேலியாவில் தொடரை வென்ற பிரிட்டிஷ், ஐரிஷ் யூனியன் அணியின் பயிற்றுநர். முப்பது ஆண்டுகளுக்கு முன்னர் என்றால் அவரை அந்த அணியின் பைகளைத் தூக்கவும் விட்டிருக்க மாட்டார்கள்.

பொஸ்டனுக்கு இவை எதுவும் உதவவில்லை. 1995 இல் அவருக்கு வயது 61. ஆட்டத்தை விட்டபின் விகனிலேயே மதுக்கடை ஒன்றை நடத்தி, அந்த ஊர்க்காரராகவே ஆகிவிட்டிருந்தார்.

2023 ஜூலையில் கார்டிவ் விரிகுடாவில் மூன்று வெண்கல உருவங்கள் திறந்து வைக்கப்பட்டன. கஸ் ரிஸ்மன், கிளைவ் சலிவன், பில்லி பொஸ்டன். மூவரும் அந்நகரில் வளர்ந்து வடக்கே போனவர்கள், பொதுமக்கள் வாக்களித்துத் தெரிந்தெடுத்தவர்கள். ரிஸ்மன் லத்வியாவிலிருந்து வந்த குடும்பத்துப் பிள்ளை. அன்றைக்கு அம்மூவரில் உயிருடன் இருந்தவர் பொஸ்டன் மட்டுமே. சிலைகள் நிற்பது பழைய டைகர் பேயில். கார்டிவ் கழகத்தின் மைதானம் இன்றைக்கும் அங்கிருந்து நடை தூரம்தான்.